ஏழாவது பாட்டின் இரண்டாவது கிடார்

ஏழாவது பாட்டின் நடுவில், அவள் விரல் கம்பியை மீட்டுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால், பக்கத்து அறையிலிருந்து இன்னொரு கிடார் கேட்டது.

நிறுத்தினாள். அதுவும் நின்றது. சாயங்காலம் ஐந்தரை மணி. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சமையலறைக் குழாய் வழக்கம்போல் சொட்டிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாக யார் வீட்டிலோ துணி துவைத்த சோப்பு வாசனை வந்தது. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. எழுந்து போய்ச் சின்ன அறைக் கதவைத் திறந்தாள். இஸ்திரி மேசை, இரண்டு அட்டைப்பெட்டிகள், கணவனுடைய ஸ்பானர் பை. கிடார் கிடையாது. அவன் விபத்தில் போன அடுத்த வாரமே அவன் கிடாரை நாத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது ஆயிற்று மூன்று மாதம்.

அவளும் அவள் கணவனும் கிடார் கற்றுக்கொண்ட கதை ஒரு கூத்து. வாத்தியார் யாரும் இல்லை, வீடியோ கேம்தான் வாத்தியார். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் ஒருநாள் ஒரு பழைய கேம் பெட்டியையும் இரண்டு கிடார்களையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கிடாரிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போகும். டிவியில் வண்ணப் பொட்டுகள் வரிசையாக இறங்கி வரும். பொட்டு அடிக்கோட்டைத் தொடும்போது கம்பியை மீட்ட வேண்டும். அவர்களுடையதோ கிழட்டு டிவி, படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். தொட்டபிறகு மீட்டினால் தப்பு என்று மார்க் போய்விடும். ஆகவே தொடுவதற்கு முன்பே மீட்டப் பழகினார்கள். இரண்டு பேருமே தாளத்தை முந்துவார்கள், அவன் அவளையும் முந்துவான். அவசரக்குடுக்கை என்று அவள் திட்டப்போய், அது சுருங்கி, குடுக்கை என்பதே வீட்டில் அவன் பெயராகிவிட்டது. அவன் அவளை மேடம் என்பான்.

கைதேறத் தேற, கேம் பொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடும். கடைசிப் படியில் திரை காலி. நினைவிலிருந்துதான் வாசிக்க வேண்டும். அப்படிப் பதினொரு பாட்டுகள் தேறின. பிறகு பெட்டி புகைந்து செத்துப்போனது. அப்புறமும் இருவரும் அணைந்த டிவிக்கு எதிரே அதே சோபாவில் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள், வேறு மாதிரி வாசிக்க வராது. நடுவிலிருந்து தொடங்கவும் வராது. தப்பினால் முதலிலிருந்துதான்.

அவள் ஏழாவது பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில், அவளைவிட ஒரு இமை முந்தி, அது வந்து சேர்ந்துகொண்டது. இந்த உலகத்தில் அப்படி வாசிக்க வேறு யாருக்கு வரும்? அவள் கண்ணில் நீர் கொட்டக் கொட்டக் கடைசிவரை வாசித்தாள்.

அதன்பின் வேலை ஓடவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கும் வேலை அவளுக்கு. மெஷினின் இரைச்சலுக்குள்ளும் விரல்கள் பாட்டு வாசித்தபடியே இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனசு சின்ன அறைக்குப் போய்விடும். ஒன்றாவது பாட்டில் அவன் பங்கு முழுசாக வந்தது. இரண்டாவதிலும் வந்தது. பாட்டுக்கு நடுவே அவனுடைய இருமல் கேட்டது. நாற்காலி முனகுவது கேட்டது. அந்த அறையில் நாற்காலி இல்லை.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா படியில் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, யாருக்காவது கிடார் சொல்லிக் குடுக்கிறியா? ரெண்டு கேக்குதே."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அப்படியானால் இது அவளுடைய பிரமை இல்லை. "ஆமாக்கா."

"கெட்டிக்காரப் பிள்ளைதான். நீ ஒருதரம் வாசிச்சா அப்படியே பிடிச்சுக்குதே."

பிடித்துக்கொள்கிறது. படியேறும்போது அந்தச் சொல் உறுத்தியது. ஏழாவது பாட்டில் ஓரிடத்தில் அவன் பங்கு கொஞ்ச நேரம் கேட்பதில்லை, வெறும் மௌனம். அந்த இடத்தில் அவள் பங்கு கடினம், தன் விரலையே கவனித்துக்கொண்டிருந்ததில் அவன் என்ன வாசித்தான் என்று அவள் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அன்று சோதித்துப் பார்த்தாள். இப்படித்தான் இருந்திருக்கும் என்று மனசுக்குள் ஏதோ நான்கு ஸ்வரங்களை இட்டுக்கட்டிக்கொண்டு வாசித்தாள். அறையிலிருந்து அதே நான்கு ஸ்வரங்கள் வந்தன. ஒரு இமை முந்தி.

கிடாரை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். அவர்கள் டிவியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி அது அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அது குடுக்கை இல்லை. சரி. ஆனால் வேறென்ன இருக்கிறது அவளுக்கு? தெரிந்தேதான் அடுத்த பாட்டை எடுத்தாள்.

சனிக்கிழமை நாத்தனார் போன் செய்தாள்.

"குரலே சரியில்லையே அண்ணி. தனியா இருக்காதீங்க, இங்க வந்துடுங்க."

"தனியா எங்கம்மா இருக்கேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, "வேலைக்குப் போறேன்ல, அதைச் சொன்னேன்" என்று மழுப்பினாள்.

"எனக்கு அண்ணன் சிரிப்பு இன்னும் காதுலயே நிக்குது அண்ணி. உங்களுக்கும் அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் சிரிப்பு எப்படி இருக்கும்? தேடினாள். சத்தமாகச் சிரிப்பானா, மூக்கால் சிரிப்பானா? ஒன்றுமே கிடைக்கவில்லை. நேற்று அறைக்குள்ளிருந்து அவன் சிரித்ததும் தான் உருகிப்போனதும் நினைவிருந்தன. சிரிப்பு மட்டும் இல்லை. போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கிடாரை எடுத்தாள். ஒன்றாவது பாட்டு. விரல்கள் கம்பிமேல் சும்மா கிடந்தன. இரண்டாவது. இல்லை. அது முழுசாகக் கற்றுக்கொண்ட பாட்டு ஒன்றுகூட அவளிடம் மிச்சமில்லை. பதினொன்றில் பத்தும் போய்விட்டன.

ஏழாவது மட்டும் இருந்தது. அதில் அவன் பங்கின் ஒரு துண்டு அவளுக்கே தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்தியதில் ஹாலுக்குள் ஈரச் சுவரின் வாசனையும் இருட்டும் அடைந்து கிடந்தன. சோபாவில் தன் இடத்தில், வலது ஓரத்தில், கிடாரோடு உட்கார்ந்திருந்தாள். வாசிக்காமல் விட்டால் மிச்சமிருக்கிற கொஞ்சமாவது தங்கும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னும் முப்பது வருஷம் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அவன் வேண்டும் அவளுக்கு. அவ்வளவுதான். அழுதுகொண்டே ஏழாவது பாட்டைத் தொடங்கினாள்.

முதல் வரியிலேயே அது சேர்ந்துகொண்டது. பிறகு, வாசிப்பு நிற்காமலே, சின்ன அறையின் தாழ்ப்பாள் விலகியது. கதவின் கீல் முனகியது. வெறும் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டி எடுபட்டன. கிரீஸ் வாசனை. அவன் வேலைச் சட்டையின் வாசனை. சோபாவின் இடது பக்கம் மெல்ல அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. பழக்கம்; வாசிக்கும்போது டிவியைத்தான் பார்ப்பாள். அணைந்த கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள்.

அவள் பக்கமாக இருந்த காது அவனுடையது. கன்னம் அவனுடையது. சவரக்கத்தி பட்ட கீறல்கூட இருந்தது. மூக்குத்தண்டுவரை அச்சு அசல் அவன்.

அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. தட்டையான தோல்.

பதினான்கு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. சோபாவில், பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில். அவன் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணை நினைத்துப் பார்த்தாள். புருவம்? மச்சம் ஏதாவது? நினைவுக்கு வா. நினைவுக்கு வா. போட்டோ எல்லாம் போனில், போன் படுக்கையறையில். கையை எடுத்தால் பாட்டு நிற்கும். நின்றால் அவன் போய்விடுவான். பாட்டோ கடைசி வரிகளுக்கு வந்துவிட்டது.

பாதி உதடு அசைந்தது.

"என்னை மறந்துட்டியா மேடம்?"

அவன் குரல். அவனேதான். மதியம் அவள் போன் செய்ய மறந்தால் அவன் கேட்கிற அதே கேள்வி.

"இல்ல. இல்லப்பா. சத்தியமா இல்ல." அவள் விம்மினாள். "என்கிட்ட இருக்கறதை எடுத்துக்கோ. எது வேணுமோ எடுத்துக்கோ. போயிடாத."

கடைசி ஸ்வரம் வந்தது. அவள் விரல் நிற்கவில்லை. பாட்டு தானாகவே முதலிலிருந்து தொடங்கியது.

கண்ணாடியில் அந்தத் தட்டைத் தோல் மெதுவாகப் பிளந்தது. புருவம் முளைத்தது. இமை திறந்தது. கண் ஒன்று விழித்து அவளைப் பார்த்தது. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிற கண். கீழிமையில் முடி உதிர்ந்த இடம்கூட அப்படியே இருந்தது.

பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்தாள். இடது பாதி வழவழவென்று இருந்தது.

தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும்.

இரண்டு கைகளும் வாசித்துக்கொண்டிருந்தன.