குறுக்குக்கட்டை போட்ட கொட்டகை

காலையில் மேசைமேல் இருந்த குட்டிக் கொட்டகையை ஓரமாக நகர்த்தப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

இரவெல்லாம் பெய்த மழையில் வீடே ஈரத்துணி போலச் சில்லிட்டுக் கிடந்தது. பசை டப்பா, அரம், சாமண இடுக்கி எல்லாம் தொட்டால் விரல் மரத்தது. செருப்புப் பெட்டி அளவேயிருந்த அந்தக் கொட்டகை மட்டும், மாடு படுத்து எழுந்த தரையைப் போல, தன் சூட்டை விடாமல் வைத்திருந்தது.

அவர் பல்செட் செய்கிறவர். தெருவில் எல்லோருக்கும் பல்லுக்காரர். குட்டி வீடுகள் கட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. அருங்காட்சியகத்தில் காட்சிகளை அமைக்கும் அம்மாள் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, போர்க்காலத்துப் பண்ணை ஒன்றைச் சிறு அளவில் செய்துதர முடியுமா என்று கேட்டபோது, தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒப்புக்கொண்டார். பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரில் சுவர் வார்த்தார். பண்ணை வீடும் பன்றிக்கூண்டும் கிணறும் முடிந்துவிட்டன. கடைசியாக இந்த வைக்கோல் கொட்டகை. பிரஷ் மயிரை நறுக்கி அதற்குக் கூரை போட்டார். படத்தில் கதவுக்கு வெளிப்புறம் குறுக்குக்கட்டை போட்டிருந்தது. தீக்குச்சியைச் சீவி அவரும் அப்படியே போட்டார். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

“பண்ணையார் எழுந்தாச்சா?” என்று கேட்டபடி மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தட்டு வைக்க இடம் தேடிக் கொட்டகையைத் தூக்கியவள், பாதியிலேயே தொப்பென்று இறக்கினாள்.

“அப்பாடி! உள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க? பொணம் கனம் கனக்குது.”

“ஒண்ணுமில்லையே. வெறும் கூடு.”

“அப்ப நீங்களே தூக்குங்க.”

தூக்கினார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

“பிளாஸ்டர் ஈரத்த இழுத்திருக்கும்” என்றார். அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கதவு சாத்திய பிறகுதான், தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

மதியத்துக்கு மேல் வானம் மறுபடி மூடிக்கொண்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு கிணற்றுச் சுவருக்குப் பாசி நிறம் பூசிக்கொண்டிருந்தபோது, மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடுவதைக் கவனித்தார். கறுக், கறுக், கறுக். முதலில் கரையான் என்று நினைத்தார். குழாயோ என்று எழுந்துபோய் முறுக்கிப் பார்த்தார். திரும்பி வந்து கொட்டகையின் சுவரில் காதை வைத்தார்.

வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தோடு இருந்தவர் அவர். பற்கள். பயத்தில் வெடவெடத்து ஒன்றோடொன்று மோதும் பற்கள். ஒரு வாய் அல்ல, நிறைய வாய்கள். கடைவாய்ப் பல் தேய்ந்த கிழட்டு வாய் ஒன்று. பொருந்தாத செட் ஒன்று. இன்னும் கீழே, தரையோடு தரையாக, மெல்லிய, கூர்மையான சத்தம்.

பால்பற்கள்.

 நாற்காலி சாய, எழுந்து சுவரோரம் போய் நின்றார். அப்போது போன் அடித்தது. அருங்காட்சியக அம்மாள்.

“சார், நாளைக்குக் காலைல வண்டி வந்துடும். கொட்டகைக் கூரைய இன்னும் எரிக்கலையே? படத்துல பாதி எரிஞ்சிருக்கும் பாருங்க. பெயின்ட் அடிச்சா ஒட்டாது. நெசமாவே கொஞ்சம் நெருப்பு வச்சுடுங்க.”

அவர் கொட்டகைக் கதவைப் பார்த்தார். “அம்மா… அந்தக் கட்டைய ஏன் வெளிப்பக்கம் போட்டிருக்காங்க?”



“ஆளுங்கள உள்ள தள்ளிப் பூட்டியிருக்காங்க சார். உள்ள இருந்தது பக்கத்து ஊர்க்காரங்களாம். அப்புறம்தான் நெருப்பு வச்சது. எத்தன பேரு, யாரு, ஒண்ணும் தெரியல. அவங்களுக்காகத்தானே இந்தக் காட்சியே. தத்ரூபமா இருக்கட்டும், என்ன?”

போனை வைத்தார். வேலையை முடித்துத் தள்ளிவிட வேண்டும். நாளை வண்டி வரும், போய்த் தொலையும். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். நீலச் சுடரை மெதுவாகக் கூரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

பற்களின் சத்தம் நின்றது.

அத்தனை வாயும் ஒரே நேரத்தில். மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

  கதவைப் பார்த்தார். தீக்குச்சிக் கட்டை வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அவர் பார்க்கப் பார்க்க இன்னும் வளைந்தது. உள்ளிருந்து தள்ளுகிறார்கள்.

“இல்ல. நான் வைக்கல. வைக்க மாட்டேன்” என்றார் சத்தமாக. விளக்கை ஊதி அணைத்தார். சாமணத்தை எடுத்து, கட்டையை ஒரு முனையில் பிடித்து நெம்பினார். பசை விட்டது. கட்டை உருண்டு தரையில் விழுந்தது.

கதவு தானாகத் திறந்தது.

 பிறகு, வாய்க்குள் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து, கம்பியைப் பிடித்து உள்ளே விட்டுத் திருப்பினார். வெறும் சுவர். வெறும் தரை. ஒருவரும் இல்லை. சுவரில், தரையையொட்டி, நகத்தால் பிறாண்டியதுபோல நெருக்கமாகக் கோடுகள். அவ்வளவுதான். ஒற்றை விரலால் கொட்டகையைத் தள்ளிப் பார்த்தார். காகிதம்போல வழுக்கிக்கொண்டு போனது. சூடும் இல்லை.

போய்விட்டார்கள்.  நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சிரித்தாரா அழுதாரா என்று தெரியாமல் குலுங்கினார்.

வாசலில் சாவி திரும்பியது. மனைவி. குடையை உதறும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். இரண்டு அடி நடந்தாள். நின்றாள்.

“ஏங்க…” என்றாள். விருந்தாளிகளுக்கு முன்னால் பேசும் தணிந்த குரல். “இத்தன பேர் எப்ப வந்தாங்க?”

அவர் திரும்பவில்லை.

கருகிய முடியின் நாற்றம். வைக்கோல் நாற்றம். பிடரியில் சூடு. கையில் இன்னும் அந்த வட்டக் கண்ணாடி இருந்தது. அது தானாகச் சாய்ந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு கரி முகம். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும். சுவர்வரைக்கும். வாசல்வரைக்கும். உதடுகள் இல்லை. கண்கள் இல்லை. பற்கள் மட்டும் வெள்ளையாக.

மேசைக்கடியில், தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடது கையை, மிகச் சிறிய, கொதிக்கும் கை ஒன்று வந்து பிடித்துக்கொண்டது.