அரம் பட்ட குழாய்

மார்கழிப் பனி விலகாத காலையில் காளியப்பன் அந்தப் பருத்திக் காட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நாமக்கல் பக்கத்து முட்டை வியாபாரி. எண்பத்து மூன்றாம் வருஷம், பண்ணைகள் பெருகிவந்த நேரம். மூன்று சக்கர வண்டி போதாமல், பழைய டீசல் பிக்கப் ஒன்று தேடிச் சங்ககிரிவரை வந்திருந்தான்.

வாசல் சரிவில், சக்கரத்துக்குக் கல் வைத்து நின்ற அந்த வண்டியை விற்றுத் தொலைத்தால்தான் வெள்ளியங்கிரிக்குத் தூக்கம் வரும்.

வண்டி அவன் தம்பி சுப்பையனுடையது. புரட்டாசியில் மலையிலிருந்து காபி மூட்டை ஏற்றி இறங்கும்போது, கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே பிரேக் போனது. வண்டி மரத்தில் முட்டி நின்றுவிட்டது. வெளியே தெறித்த சுப்பையன் பள்ளத்தில் விழுந்து செத்தான். காட்டிலும் கிணற்றிலும் பாதி கேட்ட தம்பி அவன். முந்தின நாள் பிரேக் குழாயை அரத்தால் ராவி வைத்தது அண்ணன் வெள்ளியங்கிரி. பிறகு புதுக் குழாய் மாட்டி, பழையதைக் கிணற்றில் வீசியவனும் அவனே. சாவு வீட்டில் மற்றவர்களைவிடச் சத்தமாக அழுதவனும் அந்தப் பாவிதான்.

காளியப்பன் சாவியைக் கேட்கவில்லை. முதலில் பானெட்டில் கை வைத்தான்.

"ஏனுங்க, ஆறின இஞ்சினாத்தான் கிளப்பிப் பாக்கோணும்னு சொல்லியுட்டனே? முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கறீங்களே!"

"யாருங்க ஓட்டுனா? பேட்டரியே கழட்டி மூணு மாசமாச்சுங்க."

வண்டியின் கூரையெல்லாம் பனி. பானெட் மட்டும் காய்ந்து கிடந்தது. வெள்ளியங்கிரி தொட்டுப் பார்த்தான். கை சுட்டது.

காளியப்பன் சளைக்காத ஆள். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தான். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவினான். அடிச்சட்டமான சேஸில் பெயின்ட் அடித்துத் துருவை மறைத்திருக்கிறார்களா என்று ஸ்பேனரால் தட்டிக்கொண்டே அடியில் நுழைந்தான்.

தட்டும் சத்தம் நின்றது.

"பிரேக் குழாய் பழசுங்களே. ராவியிருக்குதுங்க."

வெள்ளியங்கிரி குனிந்தான். "புதுசுங்க. நானே மாட்டுனது."

"அரம் போட்ட தடம் என்ர கைக்குத் தெரியாதுங்களா? பாசி வேற புடிச்சிருக்குது. கெணத்துல கெடந்த மாதிரி."

வெளியே வந்த காளியப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். கையைக்கூடக் கழுவாமல் பேருந்து ரோட்டுக்கு விறுவிறுவென்று நடந்தான்.

வெள்ளியங்கிரியால் இருக்க முடியவில்லை. கல் அசையாமல் இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துவிட்டு, மல்லாந்து அடியில் நகர்ந்தான். டீசல் வாடை. ஈர மண்.

குழாயை விரலால் தடவினான். புத்தம் புதிதாக மின்னியது.

சிரிப்பே வந்துவிட்டது. முட்டைக்காரன் விலையைக் குறைக்க நாடகம் ஆடியிருக்கிறான்!

அப்போது தலைக்கு மேலே பிரேக் பெடல் அமுங்கியது.

விட்டது. மறுபடி அமுங்கியது.

யாரோ சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறார்கள்.

"ஆரது?"

விரல் பட்டிருந்த இடத்தில் குழாய் குழிந்தது. அரம் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. வெதுவெதுப்பாக ஏதோ அவன் வாயில் சொட்டியது. பிரேக் ஆயில் இல்லை. உப்புக் கரித்தது.

"அண்ணா." மேலிருந்து தம்பியின் குரல். "பிரேக் புடிக்கலீங்கண்ணா."

கல் நகர்ந்தது.

முன்சக்கரம் இரண்டு தொடைகள் மீதும் ஏறி, அங்கேயே நின்றது. பேட்டரி இல்லாத இஞ்சின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அலறல் கேட்டுப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். எத்தனை பேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. டீசல் குழாயை அறுத்துப் பார்த்தார்கள். டீசல் முழுக்க மண்ணில் கொட்டியது, இஞ்சின் நிற்கவில்லை. சக்கரம் அங்குலம் அங்குலமாக அவன் வயிற்றுப் பக்கம் ஏறியது.

சுப்பையனின் மனைவி சௌந்திரம் சமையல்கட்டிலிருந்து வந்தாள். அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்த வீடு அது. இன்றைக்கும் வெள்ளியங்கிரிக்குச் சோறு போடுகிறவள் அவள்தான். அலறுகிறவனை அவள் பார்க்கவில்லை. ஆளில்லாத டிரைவர் சீட்டைப் பார்த்து, புருஷனிடம் பேசுகிற தணிந்த குரலில் சொன்னாள்.

"போதுமுங்க. உசுரை மட்டும் உட்டுடுங்க. உங்கண்ணன் இருந்து பாக்கோணும்."

இஞ்சின் நின்றது. சக்கரம் பின்னால் உருண்டு இறங்கியது. டிரைவர் பக்கக் கதவு திறந்தது. சௌந்திரம் சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஆள் இறங்கி நடக்க வழி விட்டாள்.

"ஊட்டுக்குள்ள வாங்க. சோறு ஆறிப்போகுது."

வெள்ளியங்கிரி சாகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்களையும் எடுத்து, கொண்டுவந்து நடு அறைக் கட்டிலில் போட்டார்கள். எங்கேயும் எழுந்து போக முடியாது. மத்தியானமானால் சமையல்கட்டில் சௌந்திரம் இலை போடுவது கேட்கும். சோறு பிசைந்து உண்ணும் சத்தம் கேட்கும். கை கழுவும் தண்ணீர் சளசளக்கும்.

பிறகு செருப்பில்லாத காலடிகள் வந்து கட்டிலோரம் நிற்கும்.

"அண்ணன் சாப்புட்டாங்களா, சௌந்திரம்?"