மேனேஜரின் வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றது

உடை மாற்றும் அறையில் ஆறாம் எண் கொக்கி காலியாக இருந்தது.

கோல்மின் ஹாக்கிப் பை இல்லை. ஸ்கேட் இல்லை. பெஞ்சுக்கு அடியில் எப்போதும் கிடக்கும் அந்த நாற்றம் பிடித்த கையுறைகள்கூட இல்லை.

வீட்டிலிருந்து பனி அரங்கம் வரை ஓடியே வந்திருந்தேன். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. மூச்சு விட்டால் அது இமையில் பட்டு உறைந்துவிடுகிறது.

போய்விட்டானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா?

போன வருஷம் எங்கள் வீட்டில் தங்கி ஆடிய பிராடி அப்படித்தான் போனான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கீழ் அறையில் வெறும் மெத்தை. அம்மா விரிப்புகளைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டாள். அந்த அறைக்குள் போக எனக்கு ஒரு மாதம் ஆனது.

எங்கள் பெல்மோர் பேட்ஜர்ஸ் டீமில் ஆடுகிற பையன்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவராக அவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடுவோம். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவன் கோல்ம் பார்டி. நியூஃபவுண்ட்லாண்ட் தீவில் கடலோரத்து ஊர். டிஃபென்ஸில் ஆடுகிறான்.

கோல்ம் அதிகம் பேசமாட்டான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட், அம்மாவுக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. அதனால் வீட்டில் முக்கால்வாசி நேரம் நானும் அவனும்தான். அவன் பாலில் போட்ட சோளச் சீரியலை நறநறவென்று மெல்லுவான். முன்பெல்லாம் எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

சரி, காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குத்தான் ஆள் மாற்றும் கெடு. மாலை நான்கு மணிக்குள் எந்த டீமும் யாரையும் வேறு டீமுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் மேனேஜர் ரெஜ் வாண்டல் அதைப் போனில் சொல்ல மாட்டார். பையன் தங்கியிருக்கும் வீட்டுக்கே வந்து சொல்வார். அது அவருடைய மரியாதை. அதனால் கெடு நாளில் அவருடைய சிவப்பு வண்டி எந்த வீட்டு முன்னால் நிற்கிறது என்று ஊரே ஜன்னல் வழியாகப் பார்க்கும். வண்டி நின்றால் அந்த வீட்டுப் பையன் போகிறான் என்று அர்த்தம்.

இன்று காலை அந்த வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றது.

கடுங்குளிரால் பள்ளிப் பேருந்து ஓடவில்லை. அப்பா சுரங்கத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை, நான் வீட்டில் தனியாக இருந்தேன். கோல்ம் பயிற்சிக்குப் போயிருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பதின்மூன்று வயது. இருந்தாலும் ஒளிந்துகொண்டேன்.

"லெஸ்யா! நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். உன் காலு தெரியுது" என்றார் மேனேஜர்.

கதவைத் திறந்தேன். அவருடைய மீசையில் பனி தொங்கியது.

"வண்டி செத்துடுச்சும்மா. உங்கப்பாகிட்ட ஜம்பர் கேபிள் இருக்கா?"

"என்ன?"

"பேட்டரி. நேத்து ராத்திரி பிளக்ல சொருக மறந்துட்டேன். எப்படியோ கிளம்பி வந்து, சரியா உங்க வாசல்ல நின்னுடுச்சு."

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ராத்திரி வண்டியைக் கரண்டில் சொருக வேண்டும் என்று. எஞ்சின் உறைந்துவிடக் கூடாதே.

கேபிளை அப்பா எடுத்துக்கொண்டு போயிருந்தார். மெக்கானிக் வரும் வரை மேனேஜர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்தார். அம்மா செய்துவைத்த முட்டைகோஸ் உருண்டைகளில் பாதியைத் தீர்த்தார். அவர் வாய் நிறைய உருண்டை இருந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"கோல்மை அனுப்பப் போறீங்களா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நாலு மணி வரைக்கும் நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா."

மெக்கானிக் வந்து, வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் எதிர்வீட்டு மர்வின் டூக் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் போட்டோ எடுத்து இணையத்தில் டீம் ரசிகர்களின் பக்கத்தில் போட்டுவிட்டார். 'வண்டி வந்தாச்சு. போய் வா, ஆறாம் நம்பரே!' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது.

கோல்முக்குப் போன் போட்டேன். அணைத்துவைத்திருந்தான். அதனால்தான் ஓடிவந்தேன்.

உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபோது கேன்டீனிலிருந்து சத்தம் கேட்டது. டூக் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எட்டு டிஃபென்ஸ்காரன்! எட்டும் இடதுகை! எட்டு செருப்பு வாங்கி எட்டும் இடதுகால் செருப்பா இருந்தா எப்படிய்யா நடக்கறது?"

"அந்த மலை மாதிரி சோரன்சனை நவம்பர்ல தூக்கிக் குடுத்தாரே உங்க மேனேஜர்" என்றாள் கேன்டீன் கிளெண்டா, உருளைக்கிழங்கை எண்ணெயிலிருந்து தூக்கியபடி. "பதிலுக்கு என்ன வந்துச்சு? ஒரு கோல்கீப்பர். வந்த வாரமே அவனுக்கு அம்மை போட்டுடுச்சு!"

"அதனாலதான் சொல்றேன், இப்பவாவது நல்ல முடிவு எடுத்தாரு. அந்த ஆறாம் நம்பர் சனிக்கிழமை நடுவுல பாஸ் போட்டானே! எதிராளிக்குப் பொறந்தநாள் பரிசு குடுத்த மாதிரி."

"பாவம் மர்வின், அவன் நல்ல பையன்."

"நல்ல பையன்னா சர்ச்சுல பாடச் சொல்லு. டிஃபென்ஸ்ல எதுக்கு நிக்கறான்?"

"வண்டி பேட்டரி செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

"மேனேஜர் கோல்மைப் பாக்க வரல. ஜம்பர் கேபிள் கேக்க வந்தாரு. ராத்திரி பிளக்ல சொருக மறந்துட்டாராம்."

"இந்தக் குளிர்லயா?" கிளெண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "சொருகாமயா விட்டாரு?"

"கேட்டீங்களா!" டூக் மேசையைத் தட்டினார். "வண்டியையே சொருகத் தெரியாத ஆள் கையிலயா நம்ம டிஃபென்ஸைக் குடுத்திருக்கோம்!"

மறுபடியும் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கோல்மைக் காணோம். அவன் பையும் இல்ல."

இந்த முறை டூக்கின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பயிற்சி முடிஞ்சதும் பையைத் தூக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் போனான்" என்றார் மெதுவாக. "நான்... 'போற இடத்துல நல்லா இரு தம்பி'ன்னு சொன்னேன். அவனும் 'தேங்க்ஸ்'னு சொல்லிட்டுப் போனான்."

பிறகு டூக் சாவியை எடுத்தார். "வாங்க, ஆளுக்கு ஒரு தெருவாத் தேடலாம்."

"வேணாம் மிஸ்டர் டூக். உங்க வண்டியைப் பாத்தா வழியனுப்ப வந்திருக்கீங்கன்னு நினைச்சுப்பான். நான் மட்டும் போறேன். நீங்க முதல்ல அந்தப் போட்டோவை அழிங்க."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படி அழிக்கறது?"

"போடத் தெரிஞ்சுதுல்ல? குடு இங்க" என்று கிளெண்டா பிடுங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து நின்றேன். எங்கே போயிருப்பான்? வெளியூர் பஸ் ஐந்து மணிக்குத்தான்.

முதல் பனி விழுந்த அன்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. தானியக் கிடங்கைத் தாண்டினால் வயல் ஆரம்பிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. "எங்க ஊர் கடல் மாதிரியே இருக்கு. அலை மட்டும்தான் இல்ல" என்றான். அங்கேதான் சின்னப் பிள்ளைகள் சறுக்கும் பழைய திறந்தவெளித் தளம் இருக்கிறது. பக்கத்தில் ஸ்கேட் மாட்டிக்கொள்ள ஒரு மரக் குடிசை, உள்ளே விறகு அடுப்பு.

குடிசையின் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கோல்ம் பையின் மேல் உட்கார்ந்து, மட்டையில் சுற்றியிருந்த சிவப்பு டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு எங்கள் டீமின் நிறம்.

"ஏய் லெஸ், நீ ஏன் வந்த? காது விறைச்சுடும்."

"நீ ஏன் வந்த? எந்த டீமுக்குப் போற?"

"எந்த டீமுக்கும் இல்ல. வீட்டுக்குப் போறேன்." டேப்பை உருட்டி அடுப்பில் போட்டான். "இது எனக்கு மூணாவது ஊரு. இன்னொரு ஊர், இன்னொரு கீழ் அறை, யாரோ வீட்டுக் கப்ல காபி. பாத்ரூம் லைட் எங்க இருக்குன்னு இருட்டுல தடவணும். போதும்."

"மேனேஜர் உன்னைத் தேடி வரல. வண்டி செத்துப்போச்சு. பிளக்ல சொருகல."

அவன் என்னையே பார்த்தான். "சொருகலையா?"

"சொருகல."

"மைனஸ் முப்பத்தெட்டுல?"

சிரிக்க ஆரம்பித்தான். அவன் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். பிறகு அவன் சட்டென்று நிறுத்தினான்.

"அப்போ நான் போகலையா?"

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் உடனே எழுந்து என்னோடு வந்துவிடுவான். ஆனால் நான்கு மணிக்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டால்?

"தெரியல கோல்ம். கேட்டேன். நாலு மணி வரைக்கும் சொல்ல மாட்டாராம்."

"அவர்கிட்டயே கேட்டியா?"

"அவர் வாய் நிறைய முட்டைகோஸ் இருந்துச்சு. திட்ட முடியாதுன்னு தைரியம்."

அவன் தலையை ஆட்டினான். "நான் போனா உனக்கு நல்லதுதான். கீழ இருக்கற டிவி உனக்கே."

"டிவி வேணாம். நீ சீரியல் மெல்லுற சத்தம் போதும்."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன். "பிராடி சொல்லல."

"நானும் சொல்லாமத்தானே கிளம்புனேன்" என்றான் தரையைப் பார்த்து. "சொன்னா உங்க வீட்டு வாசல்லயே அழுதுடுவேன்னு பயம்."

நான் விறகு எடுத்துப் போட்டேன். அவன் போனை ஆன் செய்தான். இருவரும் பையின் மேல் நெருக்கி உட்கார்ந்து காத்திருந்தோம். உரித்த மட்டையை அவன் கையிலேயே வைத்திருந்தான்.

நான்கு மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போன் அடித்தது.

திரையில் 'ரெஜ் வாண்டல்' என்று வந்தது.

"வண்டி செத்துடுச்சுல்ல" என்றான் கோல்ம். உதடு வெளுத்திருந்தது. "இந்தத் தடவை போன்லதான் சொல்லுவாரு."

அவனுடைய கையுறையைப் பிடித்துக்கொண்டேன். "எடு."

"கோல்ம்! எங்க இருக்க?"

"வெளித் தளத்துல சார்."

"நல்லதாப் போச்சு. உடனே அரங்கத்துக்கு வா."

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா சார்?"

"எல்லாத்தையுமா? ரெண்டு கை இருந்தாப் போதும். வண்டி மறுபடியும் செத்துடுச்சு. பனி தேய்க்கிற மெஷின் நிக்கிற கொட்டகைக்குள்ள தள்ளி வச்சு சூடாக்கணும். டூக்குக்கு முதுகு வலியாம். கிளெண்டா எண்ணெயை விட்டு வர மாட்டாளாம். வா!"

கோல்ம் போனைச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்து ஹாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டூக் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார், முதுகு வலியோடு. கோல்ம் பையை இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் கை வைத்தான். நானும் வைத்தேன். மேனேஜர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"இடது பக்கம் தள்ளு தம்பி. நீ இடதுகைதானே" என்றார் டூக்.

"நம்மகிட்ட எல்லாருமே இடதுகைதான் மிஸ்டர் டூக்" என்றான் கோல்ம்.

"அதைத்தான்யா நானும் கத்திக்கிட்டிருக்கேன்! உனக்குப் புரியுது, இவருக்குப் புரியலையே!"

"மர்வின்!" கேன்டீன் ஜன்னலிலிருந்து கிளெண்டா குரல் கொடுத்தாள். "வாயால தள்ளாத, கையால தள்ளு!"

வண்டி நகர்ந்தது. டூக் குனிந்து தள்ளியபடியே, யாருக்கும் கேட்காத மாதிரி, "போட்டோவை அழிச்சாச்சு தம்பி" என்றார். "நான் போட்டிருக்கக் கூடாது."

கோல்ம் தலையசைத்தான். "சனிக்கிழமை பாஸும் நான் போட்டிருக்கக் கூடாது."

கொட்டகைக்குள் வண்டி போய் நின்றபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நாலு மணி தாண்டிடுச்சு" என்றேன்.

மேனேஜர் இறங்கிக் கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்தார், கோல்மைப் பார்த்தார். "ஆமா, தாண்டிடுச்சு" என்றார். "ஏய் ஆறு, பையை ஏன் இங்க போட்டிருக்க? கொண்டுபோய் உன் கொக்கியில மாட்டு."

அவ்வளவுதான். நடந்தது இதுதான்.

இப்போது எல்லோரும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். கீழே சமையலறையில் கோல்ம் சீரியல் சாப்பிடுகிற சத்தம் கேட்கிறது. நறநற, நறநற. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் மேனேஜர் இனிமேல் பிளக்கில் சொருக மறக்கவே மாட்டார். கிளெண்டா அவருக்குப் பத்தடி வயர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டாள். என்றைக்காவது ஒரு நாள், பேட்டரி நன்றாக இருக்கும்போதே, அந்தச் சிவப்பு வண்டி எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கும்.

அன்றைக்கு அவர் கதவைத் தட்டினால், நான் திறப்பேனா?