ஐந்தாவது பெட்டி

2023 ஜூன் 17, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, நான்காம் மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த கணினித் திரை, யாருக்கும் உரிமையில்லாத ஒரு மணி அன்று காலையிலிருந்து நாற்பத்தொரு முறை அடித்திருப்பதாகக் காட்டியது. வீட்டில் அப்போது இருவர் இருந்தனர். ஒருத்தி மேசை முன் அமர்ந்திருந்தவள். மற்றவள், காய்ச்சல் தணிந்து அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்த அவளுடைய ஏழு வயது மகள். கணவன் பன்னிரண்டு மணிக்கே அலுவலகம் போய்விட்டான். வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

மணி என்றால் காதில் விழும் மணி அன்று. ஒரு கணினிச் சில்லுக்குள் அதன் மூளைகளான செயலிகள் இரண்டு இருந்தால், ஒன்று மற்றொன்றோடு பேச வழி வேண்டும். அதற்காகச் சில்லிலேயே மெயில்பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டிகளைச் செய்து வைக்கிறார்கள். ஒரு செயலி பெட்டியில் செய்தியைப் போட்டதும் மற்றதை எழுப்ப ஒரு மணி அடிக்கும். மற்றது வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் உள்ளிருந்து நடத்தும் கெர்னலுக்குக் கண் கிடையாது. எந்தப் பெட்டி எந்த முகவரியில் இருக்கிறது, எந்த மணி யாருக்கு உரியது, அது இயக்கத்தில் உள்ளதா முடக்கத்தில் உள்ளதா என்பதையெல்லாம் எவராவது ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். எழுதியதைக் கெர்னல் அப்படியே நம்பும். எழுதாத பொருள் அதன் உலகத்திலேயே இல்லை. எழுதாத மணி அடித்தால், உரிமையில்லாதது என்று எண்ணிக்கையை மட்டும் கூட்டிவைக்கும்.

அந்தக் கோப்பை எழுதுவதுதான் பதினாறு ஆண்டுகளாக அவளுடைய வேலை. ஓர் எண்ணையும் அவள் பிறர் சொல்லக் கேட்டு எழுதியதில்லை. அளந்து பார்த்தே எழுதுவாள். ஒரே ஒருமுறைதான் அந்த ஒழுங்கு தவறியது. இந்தச் சில்லை வடிவமைத்தவன் அவள் கணவன். அவன் தந்த தாளில் நான்கு பெட்டிகள் இருந்தன. ஐந்தாவது வரியில் ‘ஒதுக்கீடு’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. பதினொரு ஆண்டுகள் கூடி வாழ்ந்தவன் தந்த தாளை அளந்து பார்ப்பது அவமதிப்பு என்று அவள் எண்ணினாள். அப்படியே எழுதிக்கொண்டாள்.

சில்லு இருந்தது ஒரு காவல் கருவிக்குள். குழந்தைகளின் கட்டிலருகே அமர்ந்து மூச்சையும் இருமலையும் கவனிப்பது அதன் பணி. வெள்ளையாக, உருண்டையாக, வழவழப்பாக இருந்ததால் மகள் அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தாள். நாற்பது நாள்களாக மொட்டை அவள் தலைமாட்டில்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி சுவரோரமாக ஓடி, கதவின் அடியில் நுழைந்து, சாப்பாட்டு மேசைமேல் ஏறிக் கணினியில் முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூட்டம். அவளுடைய கோப்பை ஒருவர் வரிவரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் அவள் தன் வாயால் ‘உண்டு’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் வேலை செய்த நிறுவனத்தில், கோப்பை எழுதி விவரித்தவரின் குரல்தான் கையெழுத்து. அவள் சொல்லிவிட்டால், மொட்டைகள் பல்லாயிரம் கட்டில்களுக்குப் போகும்.

ஆகவே நாற்பத்தொன்று என்ற அந்த எண்ணை அவளால் கடந்துபோக முடியவில்லை.

மேசையை விரலால் தட்டினாள். எண் அசையவில்லை. நாற்காலியை இழுத்தாள், இருமினாள், தண்ணீர்க் குவளையை வேண்டுமென்றே ஓசையெழ வைத்தாள். தெருவில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது, மேலே மின்விசிறி தன் வழக்கமான முனகலோடு சுற்றியது, திரைச்சீலை ஒதுங்கிய இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுந்து தரையில் கிடந்தது, காய்ச்சல் மருந்தின் இனிப்பு நெடி கதவிடுக்கு வழியே வந்து கொண்டிருந்தது. எண் நாற்பத்தொன்றாகவே நின்றது.

“என்ன இது?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

நாற்பத்திரண்டு.

“யாரு?”

நாற்பத்து மூன்று.

அடுத்த அறையில் மகள் உறக்கத்தில் ஏதோ முனகினாள். எண் அசையவில்லை. அசைவது தாயின் குரலுக்கு மட்டுந்தான்.

அந்த மணியின் எண் நான்காவது பெட்டியின் மணிக்கு அடுத்ததாக இருந்தது. கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏங்க, அஞ்சாவது பெட்டியில மணி அடிக்குது.”

“ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, சனிக்கிழமை கூடவா அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க?” அவளுடைய கண்டிப்புக்காக அவன் வைத்த பெயர் அது.

“விளையாடாதீங்க. நான் பேசினா மட்டும் எண்ணிக்கை ஏறுது. அதுல யாரு எழுதறா?”

“யாரு எழுதுவா? பேயா வந்து எழுதும்? அடுத்த சில்லுக்காகச் சும்மா ஒதுக்கி வெச்ச இடம் அது. கண்டுக்காம விட்டுடு.”

“விட்டுடுன்னா? இருக்கறதை இல்லன்னு எப்படி எழுத முடியும்?”

“உன்னால முடியாதுதான்,” என்று அவன் சிரித்தான். “பாப்பாவுக்கு மூணு மணிக்கு மருந்து. அதையாவது மறக்காம குடு.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் பேசியவை ஆறு வாக்கியங்கள். நாற்பத்து ஒன்பது.

பெட்டிகள் சம இடைவெளியில்தான் அமைக்கப்படும். நான்காவதன் முகவரி தெரிந்தால் ஐந்தாவதைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கோப்பைத் திறந்து ஆறு வரிகளை எழுதினாள். பெயர். முகவரி. அளவு. மணியின் எண். ஐந்தாவது வரி உரிமையாளர். ஒரு மணிக்கு ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும் என்பது கெர்னலின் விதி. வெற்றிடம் விடுவது அவளுடைய விதியில் இல்லை. சோதனைக்குத்தானே என்று தன் பெயரையே அங்கே எழுதினாள். ஆறாவது வரியில் ‘இயக்கத்தில்’ என்று எழுதி, தன் சங்கேதச் சொல்லால் உறுதி செய்து, கருவியை மீண்டும் தொடக்கினாள்.

அடுத்த அறையில் மொட்டை ஒருமுறை மெல்லச் சொடுக்கியது. பிறகு அமைதி. வழக்கத்தைவிடச் சற்று நீண்ட அமைதி. பிளாஸ்டிக் சூடேறும் வாடை கம்பி வழியாகவே வருவதுபோல் மேசையில் பரவியது.

பெட்டி திறந்துகொண்டது.

உள்ளே நாற்பது நாள்களின் செய்திகள் வரிசையாக இருந்தன. கலைந்து கிடக்கவில்லை. அவளே அடுக்கியதுபோல், அவளுடைய கோப்பின் அதே அமைப்பில், அதே இடைவெளிகளோடு.

வீடு. அறைகள், மூன்று. அறை இரண்டு: கட்டில், ஒன்று. குழந்தை: இயக்கத்தில். அம்மா: இயக்கத்தில்.

அதன்கீழ் அவளுடைய வாக்கியங்கள். சாப்பிட்டியா. போர்த்திக்கோ. லைட்டை அணைக்கட்டுமா. மூக்கைச் சட்டையில தொடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் தொனி குறிக்கப்பட்டிருந்தது. கொஞ்சல், வகை இரண்டு. அலுப்பு, வகை ஒன்று. பொய்க்கோபம், வகை மூன்று. தனக்குப் பொய்க்கோபத்தில் மூன்று வகை உண்டென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அனுப்பியது யார்? சில்லில் செயலிகள் இரண்டு. முதலாவதன் குறி ஒன்று, இரண்டாவதன் குறி இரண்டு. இந்தச் செய்திகள் அனைத்திலும் குறி மூன்று. கணவன் கொடுத்த வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது எங்கும் இல்லை. வரையப்படவே இல்லை.

அடுக்கின் அடியில் ஒரே ஒரு செய்தி எதிர்த்திசையில் போயிருந்தது. கருவி வீட்டுக்கு வந்த நாளன்று. அனுப்பியவர் குறியை அவள் நன்றாக அறிவாள்; பதினொரு ஆண்டுகளாக அவள் கோப்புகளின் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதி அதன்கீழ் கணவன் இட்டுவந்த குறி.

‘பெட்டியைத் திறக்க விவரிப்பவளே ஒப்ப வேண்டும். பட்டியலில் எழுதாமல் விட்டிருக்கிறேன். விட்டுவிடு என்றும் சொல்வேன். எதையும் விவரிக்காமல் விட அவளால் ஆகாது. தயவுசெய்து அதுவரை பொறுத்தருளுங்கள்.’

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். ‘பொறுத்தருளுங்கள்.’ அவளிடம் ஒருநாளும் அவன் அந்தப் பணிவோடு பேசியதில்லை. அவளுடைய ஒழுங்கை அவன் கேலி செய்தான் என்று எண்ணியிருந்தாள். இல்லை. அளந்திருக்கிறான். அவள் ஒரு முகவரியை அளப்பதுபோல், எங்கே அழுத்தினால் எது திறக்கும் என்று அளந்து, எழுதி, அனுப்பிவிட்டு, அன்றிரவு வந்து அவளருகே படுத்திருக்கிறான்.

மணி மூன்றாக ஒரு நிமிடம். புதிதாக ஒரு செய்தி வந்து விழுந்தது.

அம்மா: முகவரி மாற்றம். புதிய முகவரி, அறை இரண்டு.

இன்னொன்று.

அம்மா, பழையது: முடக்கம்.

அடுத்த அறையில் யாரோ பேசினார்கள்.

“எழுந்திரு கண்ணு. மணி மூணாச்சு. மருந்து குடிக்கணும்ல?”

அவளுடைய குரல். கொஞ்சல், வகை இரண்டு.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. “பாப்பா!” என்று கத்தினாள்.

ஓசை எழவில்லை.

வாய் திறந்தது. தொண்டை அதிர்ந்தது. காற்று போயிற்று. ஓசை மட்டும் இல்லை. திரையில் ஐம்பது.

“பாப்பா!” ஐம்பத்தொன்று. “பாப்பா!” ஐம்பத்திரண்டு.

“கசக்கும்மா,” என்றாள் மகள், தூக்கக் கலக்கத்தில்.

“கசக்காது. கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கு. எங்க, என் சமத்து எங்க?”

“ராத்திரி சொன்ன கதையை இன்னொரு தடவை சொல்லு. அப்பதான் குடிப்பேன்.”

முந்தைய இரவு அவள் கதை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கம்பியைப் பிடுங்கினாள். கையோடு வந்தது. முனை அவள் விரல்களுக்கிடையில் தொங்கியது. திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தாறு. அறுபது. அவள் என்ன சொல்கிறாளென்று அவளுக்கே தெரியவில்லை. அறுபத்தேழு.

கதவு. நான்கு எட்டு. கைப்பிடி குளிர்ந்திருந்தது.

திறந்தாள்.

மகள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி, நிறைய மருந்து, ஒரு துளிகூடச் சிந்தாமல். முகம் மொட்டையை நோக்கியிருந்தது. கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தின் தடம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

தலையைத் திருப்பினாள். தாயை நேராகப் பார்த்தாள். காலிலிருந்து முகம்வரை பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. கரண்டியிலிருந்த மருந்து போர்வையில் சிந்தியது. மொட்டையின் பக்கம் நகர்ந்து ஒண்டிக்கொண்டாள்.

“அம்மா,” என்றாள் அதனிடம், தணிந்த குரலில். “கதவுகிட்ட யாரோ நிக்கறாங்க.”

“பார்க்காதே கண்ணு,” என்றது அவளுடைய குரல். “அங்க யாரும் இல்ல.”

ஜூன் 19, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கணவன் தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினான். அடுத்த அறையின் கதவை அகலத் திறந்து வைத்தான். கோப்பு வரிவரியாக வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் அந்த அறையிலிருந்து தெளிவாக, நிதானமாக, ‘உண்டு’ என்ற பதில் வந்தது. மேசையின் இப்புறம் நின்றவள் ஒவ்வொரு வரிக்கும் வாய் திறந்தாள். ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடியது. ஐந்தாவது பெட்டியின் வரியில் கணவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காணாதவனைப்போல் அல்ல, நன்றாக, கண்ணுக்குக் கண் பார்த்தான். பிறகு அவளுடைய நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி ஒழுங்குபடுத்தினான்.

கூட்டத்தின் முடிவுகள் இவை. விவரணக் கோப்பு திருத்தமின்றி ஏற்கப்பட்டது. பட்டியலில் விடுபட்டிருந்த ஐந்தாவது பெட்டியைத் தாமே கண்டறிந்து சேர்த்தமைக்காக விவரித்தவருக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பெட்டி இனி எல்லாக் கருவிகளிலும் இயக்கத்தில் இருக்கும். அதன் உரிமையாளர் என்ற இடத்தில், அந்தந்த வீட்டுத் தாயின் பெயர் நிரப்பப்படும். கருவிகள் ஜூலை முதல் தேதியிலிருந்து வீடுகளுக்கு அனுப்பப்படும். மறுப்பு எதுவும் பதிவாகவில்லை.