தலைவரின் காது

முதலமைச்சர் நாச்சிமுத்துவின் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதற்கு முன், கட்சிச் செயலாளர் உருக்கிய மெழுகுக் கிண்ணத்தோடு வந்து நின்றார். இறந்தவர் காதை மெழுகால் அடைக்காமல் இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் ஒப்பாரிகூடத் தொடங்குவதில்லை.

"எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றார் அர்த்தநாரி. இறந்தவரின் அண்ணன். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாதவர்.

"ஊரே செய்யறதுதானுங்கய்யா."

"ஊரு செய்யும். ஊருக்கு மறைக்க ஆயிரம் இருக்கும். மெழுகடைச்ச காதோட என் தம்பி படம் பத்திரிகையில வரோணுமா? அதுவே சேதி ஆயிராதா?"

ஒரு மனிதர் கடைசி ஒரு மணி நேரத்தில் கேட்ட ஒலிகள், இறந்த பின்னும் ஒரு பகல் பொழுதுக்கு, அவர் காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் நீரில் பதிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் தரும் கருவிதான் ஒலிமீட்பி. கொலை வழக்குகளுக்காகச் செய்தது. சட்டப்படி காவல்துறை மட்டுமே கையாளலாம். ஆனால் 'அந்திச் சாட்டை' என்ற மாலைப் பத்திரிகை அதை ஒரு மோதிரத்துக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டது. நடிகை ஒருத்தியின் மரணப் படுக்கையை விற்றது. பள்ளிப் பேருந்து விபத்தில் இறந்த குழந்தைகள் கேட்ட கூச்சலை விற்றது. மக்கள் காறித் துப்பினார்கள், வாங்கினார்கள்.

"பெரியப்பா, மெழுகு வெச்சரலாங்க" என்றான் மதியழகன். நாச்சிமுத்துவின் ஒரே மகன், துணை முதலமைச்சர். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் தலைமாட்டுல நிக்கறேன் கண்ணு. எவன் தொடறான்னு பாக்கறேன்."

அப்படியே நின்றார். காலையிலிருந்து நகர்ந்த வரிசையில் ஒருவர்கூட அவர் கண்ணைத் தாண்டி உடலைத் தொட முடியவில்லை. உச்சிவேளையில் கரைவேட்டி கட்டிய முதிய தொண்டர் ஒருவர் கதறிக்கொண்டே வந்து அர்த்தநாரியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். காலில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாமல் விடுவது அந்தக் குடும்பத்து வழக்கமில்லை. அர்த்தநாரி குனிந்தார். அவர் நிமிர்வதற்குள், அடுத்து நின்றவன் மாலை சாத்தும் சாக்கில் தலைவரின் காதருகே மோதிரக் கையை வைத்து எடுத்துவிட்டான்.

வெயில் தாழும் முன்பே 'அந்திச் சாட்டை' வந்துவிட்டது. மண்டபத்தில் நின்ற அத்தனை பேர் கைத்திரையிலும் மதியழகனின் குரல் ஒரே நேரத்தில் ஒலித்தது.

"இன்னிக்கே போயிருங்கப்பா. கட்சிய நான் பாத்துக்கறேன்."

அழுதுகொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. பிறகு பாய்ந்தது. மதியழகனின் ஓட்டுநரைப் படிக்கட்டில் பிடித்து, தடுப்புக் கட்டைகளைப் பிடுங்கி அடித்தே கொன்றார்கள். வெளியே நின்ற கார்கள் எரிந்தன. நீர்வளத்துறை அமைச்சர் கங்காதரன், சட்டமன்ற உறுப்பினர்கள் பாதிப்பேரை அழைத்துக்கொண்டு ஆளுநர் மாளிகைக்குப் போய்விட்டார். மதியழகனையும் அர்த்தநாரியையும் காவலர்கள் மேடைக்குப் பின்னிருந்த சிறு அறைக்குள் தள்ளி, தாங்களும் நுழைந்து கதவைத் தாழிட்டார்கள்.

கதவில் முதல் இடி விழுந்தபோது அர்த்தநாரி கேட்டார்: "சொன்னியா?"

"சொன்னேனுங்க. தொண்டையில குழாய் இருந்துச்சு, அப்பாவால பேச முடியல. வலி பொறுக்காம என் கையப் புடிச்சு நெஞ்சுல வெச்சு வெச்சு அழுத்துனாரு. கண்ணுல தண்ணி. விட்டுருன்னு கேட்டாரு பெரியப்பா. வலி தாங்கலீன்னா இன்னிக்கே போயிருங்கப்பா, கட்சிய நான் பாத்துக்கறேன், அழுவாதீங்கன்னு சொன்னேன். முன்னயும் பின்னயும் வெட்டிட்டானுக."

"கை அழுத்துனது காதுல பதியாதே" என்றார் அர்த்தநாரி, தனக்குள் சொல்வதுபோல.

அறையில் அவர்களோடு காவல் ஆய்வாளர் மங்கையர்க்கரசி இருந்தார். இடுப்புப் பையில் காவல்துறையின் ஒலிமீட்பி இருந்தது. "அய்யா, தலைவர் காதுல பதிவு இன்னும் இருக்கு. குடும்பத்து மூத்தவர் நீங்க சரின்னு சொன்னா இப்பவே எடுத்து ஒலிபெருக்கியில போடறேன். ஆனா ஒண்ணு. எங்க கருவி முழுசாத்தான் ஒலிக்கும். வெட்டவோ நடுவுல நிறுத்தவோ முடியாது. சாட்சியக் கலைக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

அர்த்தநாரி பதில் சொல்வதற்குள் அவருடைய கைபேசி ஒலித்தது. 'அந்திச் சாட்டை' ஆசிரியர் குலோத்துங்கன்.

"வணக்கங்கய்யா. மீதியும் எங்கிட்டதான் இருக்கு. எல்லாரும் வெளிய போன பொறவு நீங்க தம்பி காதுல குனிஞ்சு சொன்னீங்களே, அதுவும். குடும்ப விஷயம், நான் போடமாட்டேன். தம்பி பையன் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுக்கட்டும், கங்காதரன் வரட்டும். கூட்டத்த அவர் கலைச்சு விட்டுருவாரு. ஒங்க மானம் ஒங்களோட."

அர்த்தநாரி கைபேசியை அணைத்தார். நாச்சிமுத்துவுக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளையில்லை. வெள்ள நிவாரண முகாமில் பெற்றவர் இல்லாமல் கிடந்த சிசுவைத் தூக்கி வந்து, தாங்கள் பெற்றதாகவே ஊருக்குக் காட்டினார்கள். அதை அறிந்து உயிரோடிருப்பவர் அர்த்தநாரி ஒருவரே. மதியழகனுக்கே தெரியாது. 'தலைவர் ரத்தமே' என்று எழுதாத சுவர் மாநிலத்தில் இல்லை.

கதவின் மேல் கீல் பிடுங்கிக்கொண்டது. பலகையின் வெடிப்பில் ஓர் அரிவாள் நுனி நுழைந்து வெளியே போனது.

"போடச் சொல்லுங்க பெரியப்பா" என்றான் மதியழகன். "மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அதுல நானும் பேசியிருக்கேன், மதி."

"என்னங்க பேசுனீங்க?"

அர்த்தநாரி அவன் முகத்தைப் பார்த்தார். அரிவாள் மறுபடி உள்ளே வந்தது. இம்முறை ஒரு காவலரின் தோளைக் கிழித்தது.

"போடும்மா" என்றார் ஆய்வாளரிடம்.

மங்கையர்க்கரசி மேடைப் பக்கக் கதவு வழியாக உடலருகே போனார். சற்றுநேரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கிகளில் மூச்சுக் கருவியின் சீரான இரைச்சல் எழுந்தது. யாரோ கையை உயர்த்தினார்கள். கதவை இடித்தவர்கள் நின்றார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மகனின் அழுகை வந்தது. "வலி தாங்கலீன்னா இன்னிக்கே போயிருங்கப்பா. கட்சிய நான் பாத்துக்கறேன். அழுவாதீங்க. நான் இருக்கறேன். அழுவாதீங்கப்பா."

அரிவாள் கீழே விழுந்தது. காவலர்கள் கதவைத் திறந்தார்கள். மண்டபம் முழுக்க ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

"பாவி நான், அண்ணனப் போயி வெட்ட வந்தனே" என்று ஒருவன் மதியழகனின் கால்களைக் கட்டிக்கொண்டான். மற்றவர்கள் மதியழகனைத் தோளில் தூக்கினார்கள். 'தலைவர் ரத்தமே' என்ற முழக்கம் கூரையை முட்டியது. படிக்கட்டுவரை அப்படியே சுமந்து போனார்கள்.

பதிவு நிற்கவில்லை. ஒரு கதவு சாத்தும் ஓசை. பிறகு அர்த்தநாரியின் குரல், மிக மெதுவாக, ஆனால் எட்டு ஒலிபெருக்கிகளில்.

"தம்பி, நிம்மதியாப் போ. மதி நம்ம ரத்தமில்லங்கறது என்னோட எரிஞ்சு போயிரும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவன் உன் மகன்தான்."

முழக்கம் பாதியில் அறுந்தது. தோள்களுக்கு மேலிருந்து மதியழகன் திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பெரியப்பாவைத் தேடினான். கண்டுபிடித்தும்விட்டான். அவன் வாய் எதையோ கேட்டது. அதற்குள் அவனைச் சுமந்த தோள்கள் விலகிக்கொண்டன.

"எவனுக்குப் பொறந்தவன்டா நீ?" "முப்பது வருசமா ஏமாத்துனீங்களாடா?" கருங்கல் படியில் விழுந்தவனை எழவிடவில்லை. கொஞ்சம் முன்பு அழுத கால்களே மிதித்தன. அர்த்தநாரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, அடையாளம் சொல்ல முகம் இல்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றே கங்காதரன் பதவி ஏற்றார். 'அந்திச் சாட்டை' மூன்று பதிப்பு போட்டது.

ஆனால் மதியழகனின் காதை யாரும் அடைத்திருக்கவில்லை. காவல்துறை அதிலிருந்து அவனைக் கொன்றவர்களின் குரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. திட்டியவன், உறுமியவன், 'இன்னொண்ணு போடுடா' என்றவன் எல்லோரும் அவரவர் வீட்டிலேயே பிடிபட்டார்கள். அருகில் நின்று வாய் திறக்காமல் மிதித்தவர்கள்மீது வழக்கே நிற்கவில்லை. செத்தவன் காதில் அவர்கள் இல்லை.

இந்தப் பாடத்தை ஊர் சீக்கிரம் கற்றுக்கொண்டது. அடுத்து வந்த இடைத்தேர்தலில் முழக்கம் இல்லை, வசவு இல்லை. இரு தரப்பும் உதட்டை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டன. வெட்டுப்பட்டவர்களின் அலறல் மட்டும் தெருவில் தனியாகக் கேட்டது. பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் அதை ஏதோ விபத்து என்று நினைத்தார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், 'அந்திச் சாட்டை' அலுவலகத்துக்குள் ஒரு கூட்டம் செருப்பைக் கழற்றி விட்டு நுழைந்தது. காவல்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் மாடி ஏறிவிட்டது. குலோத்துங்கன் தன் மேசையருகே இறந்து கிடந்தார். உடல் குளிரும் முன் துணை ஆசிரியர் மோதிரத்தை மாட்டிக்கொண்டார். மறுநாள் 'எங்கள் ஆசிரியரின் இறுதி மணி நேரம்' என்று வெளியிட்டார். அந்தப் பத்திரிகை அதுவரை அவ்வளவு விற்றதில்லை.

ஆய்வாளர் மங்கையர்க்கரசி அந்த ஒலியைக் கேட்டுவிட்டு அர்த்தநாரியின் வீட்டுக்கு வந்தார். முதியவர் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களாங்கய்யா?"

"நான் அந்தப் பத்திரிகைய வாங்கறதில்லம்மா. என்ன இருக்குது?"

"அவர் குரல் மட்டும்தான் இருக்கு. 'யாருங்க நீங்கெல்லாம்'னு கேக்கறார். அப்புறம், 'வாங்க பெரியவரே, உக்காருங்க, பேசித் தீத்துக்கலாம்'ங்கறார். கொஞ்ச நேரம் கழிச்சு, 'யாராச்சும் ஒரு வார்த்தை பேசுங்கய்யா'ன்னு அழறார். ஒருத்தரும் பேசலை." அவர் முதியவரின் முகத்தையே பார்த்தார். "அந்தப் பெரியவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அர்த்தநாரி தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் சொல்லாதவரை வழக்கில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆய்வாளர் எழுந்து வாசல்வரை போனதும் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"முழுசாப் போட்டிருக்கானுகளா? முன்ன பின்ன வெட்டலியே?"

"வெட்டலைங்கய்யா" என்றார் மங்கையர்க்கரசி. "வெட்ட அதுல ஒண்ணுமில்லை."