கீறேன் சார்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்புக்கு அன்று இரண்டு பேர் புதிது. ஒருவர், கும்பகோணத்திலிருந்து ராயபுரத்துக்கு மாற்றலாகி வந்திருந்த தாமோதரன் சார். இன்னொருத்தி நர்மதா. அவள் அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு ஒன்றில் வேலை கிடைத்ததால், காத்திவாக்கத்திலிருந்து குடும்பமே இங்கே வந்துவிட்டது. கடைசி பெஞ்சில், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"எழில்மொழி."

"உள்ளேன் சார்."

"நர்மதா."

"கீறேன் சார்!"

சார் மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிப் பார்த்தார்.

"கீறுகிறாயா? எதைம்மா கீறுகிறாய்? பெஞ்சையா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பெஞ்சை எட்டிப் பார்த்தார். அதற்குள் ரஞ்சித், "பிளேடு வெச்சிருக்காளான்னு பாருங்க சார்!" என்று கத்த, வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தவள் எழில்மொழி.

அன்று சாயங்காலம் எழில் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"எழிலு! எங்கடி கீற?"

"மாடில கீறேம்மா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காய்ந்த துணி ஒன்று தோளில் தொங்க, அப்படியே நின்றுவிட்டாள்.

ரஞ்சித் வீட்டிலும் 'இருக்கேன்' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து பெஞ்சு வால்டர் வீட்டிலும்தான். பள்ளி வாசலுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி 'கீறேன்' வெளியே நின்றுகொள்ளும். 'உள்ளேன்' உள்ளே போகும். அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நர்மதா முதல் நாள் அவசரத்தில் அதை மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

'அப்புறம் நான் ஏன் அவ்வளவு நேரம் சிரிச்சேன்?'

பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. சத்தமாகச் சிரித்தால், நானும் வீட்டில் அப்படிப் பேசுகிறவள்தான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் போயிற்று. நர்மதா வாயே திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் கொஞ்சம் தூக்குவாள். சாரும், "புதுப் பிள்ளை, பழகட்டும்" என்று விட்டுவிட்டார்.

வகுப்பில் ஓரமாக ஒரு சின்னக் கரும்பலகை உண்டு. அதில் தினமும் செய்தி எழுதுவது எழிலின் வேலை. அவள் அப்பா லட்சுமணன் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். காலையில் அவர் டீக்கடையில் டீ குடிக்கிற நேரத்தில், எழில் அங்கிருக்கும் பேப்பரைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஒரே பைத்தியம்: அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்தில் இறக்கியிருந்த 'ஸ்பிரிட்' என்கிற ஆறு சக்கர வண்டி. அதன் படம் வந்தால் போதும், கடைக்காரரைக் கெஞ்சி வெட்டி வைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுதினாள்: 'செவ்வாய்க்குப் போன வண்டி பேசவில்லை. விஞ்ஞானிகள் கவலை.'

"அதுவும் நம்ம நர்மதா மாதிரி ஊமையாயிடுச்சா?" என்றான் ரஞ்சித்.

சிரிப்பு எழுந்தது. இந்த முறை எழில் சிரிக்கவில்லை. நர்மதா பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் நர்மதாவின் அம்மா பச்சையம்மா வாசலில் வந்து நின்றார்.

"சார், பொண்ணு வூட்லகூட வாயத் தொறக்க மாட்டேங்குது. பள்ளிக்கோடம்னாலே அழுவுது. இனிமே அனுப்பல சார். என்கூட எறா உரிச்சிக்கினு கெடக்கட்டும்."

"ஐயோ, என்னம்மா இது? நான் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லையே!" என்றார் சார். என்ன நடந்தது என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த எழிலுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை டீக்கடையில் அப்பா பேப்பரை விரித்துப் படித்தார்.

"எழிலு, உன் வண்டி ஒரு சத்தம் குடுத்துச்சாம்!"

"இன்னா சொல்லிச்சு நைனா?"

"ஒண்ணும் சொல்லல. படம் அனுப்பு, அது அனுப்பு, இது அனுப்புன்னு இவங்களும் கேக்கல. 'நாங்க பேசறது காதுல வுழுதா? வுழுந்தா ஒரு சத்தம் குடு, போதும்'னாங்களாம். இங்கேர்ந்து சேதி போவ பத்து நிமிசம், அங்கேர்ந்து வர பத்து நிமிசம். காத்துக்கினே இருந்திருக்காங்க. 'பீப்'னு ஒண்ணே ஒண்ணு வந்துச்சாம்."

"அந்த பீப்புக்கு இன்னா அர்த்தம் நைனா?"

"இது ஒரு கேள்வியா? 'கீறேன்'னு அர்த்தம்."

எழில் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். அப்பாவின் டீ பாதி பேப்பரில் கொட்டியது.

அரை மணி நேரத்தில், வெட்டி வைத்த படங்களோடு அவள் காசிமேட்டுச் சந்தில் நர்மதாவின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். நர்மதாவும் அவள் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து, அலுமினிய அன்னக்கூடை நிறைய இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நர்மதா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

எழில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பேச வேணாம். நா கேக்கறேன். ஆமான்னா இந்தக் கூடையில ஒரு தட்டு தட்டு. இல்லன்னா சும்மா இரு. சரியா?"

நர்மதா அடுத்த இறாலை எடுத்தாள்.

"என்மேல கோவமா?"

ஒரு இறால், இரண்டு இறால், மூன்று இறால். எழில் காத்திருந்தாள். விஞ்ஞானிகள் இருபது நிமிடம் இருந்தார்களே, நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கால் மரத்துப்போனது. பூனை ஒன்று வந்து ஒரு இறாலைக் கவ்விக்கொண்டு ஓடியது.

டங்!

எழிலுக்கு ஒரே சமயத்தில் வருத்தமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

"நானும் வூட்ல 'கீறேன்'னுதான் சொல்லுவேன். ஆனாலும் சிரிச்சேன். தப்புதான்."

நர்மதா தட்டவில்லை. ஆனால் இறால் உரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் பார்வை எழிலின் கையிலிருந்த படத்தில் இருந்தது.

"இதான் அந்த வண்டி. ரெண்டு நாளா பேசாம இருந்துச்சு. இப்ப 'பீப்'னுச்சாம். அப்படின்னா 'கீறேன்'னு அர்த்தமாம், எங்க நைனா சொல்லுச்சு. இதோ, கை மாதிரி நீட்டிக்கினு கீது பாரு, அது எதுக்குத் தெரியுமா? பாறையைக் கீறிப் பாக்கறதுக்கு."

நர்மதா படத்தையே பார்த்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது.

"அப்போ..." குரல் கரகரவென்று வந்தது. "உயிரோட கீறியான்னு கேட்டாலும், அது 'கீறேன்'னு சொல்லும். இன்னா பண்றேன்னு கேட்டாலும், 'கீறேன்'னுதான் சொல்லும்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்த சிரிப்பில் அன்னக்கூடை சாய்ந்து, இறாலெல்லாம் தரையில் கொட்டியது.

"அடிங்க, கழுவுனதெல்லாம் போச்சே!" என்று கத்திய பச்சையம்மா, யார் பேசியது என்று அப்போதுதான் உணர்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழம ஸ்கூலுக்கு வருவியா?" என்றாள் எழில்.

"சிரிப்பாங்க."

"எம்பேருதான் உனக்கு முன்னாடி. சிரிச்சா, மொதல்ல என்னப் பாத்துதான் சிரிக்கணும்."

திங்கட்கிழமை குடியரசு தினம், கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததோடு சரி. செவ்வாய்க்கிழமை சார் பதிவேட்டைத் திறந்தார். நர்மதா கடைசி பெஞ்சில் இருந்தாள்.

"எழில்மொழி."

'உள்ளேன்' தானாகவே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"கீறேன் சார்."

சார் எட்டிப் பார்த்தார். "நீயுமா? பெஞ்சில் கீறல் ஒன்றும் காணோமே!"

"கீறேன்னா 'இருக்கேன்'னு அர்த்தம் சார். எங்க வூட்ல அப்படித்தான் சொல்லுவோம். இங்க எல்லார் வூட்லயும்தான்."

அவள் ரஞ்சித்தைத் திரும்பிப் பார்த்தாள். ரஞ்சித் மின்விசிறியில் எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஓ! அன்றைக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தவர், கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, மெதுவாகக் கூப்பிட்டார்.

"நர்மதா."

அவர் அவசரப்படவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"கீறேன் சார்."

"மன்னிச்சுக்கோம்மா. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. இப்போது தெரிந்துகொண்டேன்," என்று சொல்லிப் பதிவேட்டில் குறித்தார். "ரஞ்சித்."

"உள்... கீறேன் சார்," என்றான் ரஞ்சித். இப்போது வகுப்பு சிரித்தது, நர்மதாவும் சிரித்தாள்.

எழில் செய்திப் பலகைக்குப் போனாள். 'வண்டியின் நினைவகம் நிரம்பி வழிந்ததுதான் கோளாறாம். சரியானதும் பாறையை ஆராயும்' என்று எழுதினாள். நர்மதா எழுந்து வந்து கையை நீட்டினாள். எழில் சாக்பீஸைக் கொடுத்தாள்.

நர்மதா, எழுத்து கோணலாக இருந்தாலும் நிதானமாக, அந்தச் செய்திக்குக் கீழே எழுதினாள்:

'பாறைக்கு உள்ள இன்னா கீது'

சார் அருகில் வந்து படித்தார். அவர் கை டஸ்டர் பக்கம் போனது. போன கை நின்றது.

"எனக்கும் தெரியவில்லை," என்றார். பிறகு சாக்பீஸை வாங்கி, விட்டுப்போயிருந்த கேள்விக்குறியை மட்டும் போட்டார்.