பெரியவள் எழுப்பிய சுவர்

காரை நிறுத்தும்போதே சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பட்டப்பகலில் வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் சாத்திக் கிடந்தன. நெஞ்சு நோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவள், அவளுடைய பிறந்த வீடு இது. காற்றோட்டம் என்றால் என்னவென்று இங்கே இன்னும் யாருக்கும் உறைக்கவில்லை.

கதவைத் திறந்த அக்கா வற்றிப்போயிருந்தாள். அப்பா காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் கூடவே கிடந்தவள். அவர் துப்பிய மாத்திரையைப் பொறுக்குவாள். அவர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். சின்னவள் போனிலேயே மருந்து சொன்னாள். அதற்கு மேல் அந்த மனிதருக்காக மெனக்கெட அவள் முட்டாள் இல்லை.

அவர் செத்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் அக்கா போன் செய்து, "அப்பா இருமுறாருடி" என்றாள். சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். கிறுக்குப் பிடித்தவளைத் தனியே விட்டால் நாலு பேர் தன்னைத்தான் பேசுவார்கள் என்பது பிறகு தோன்றியது. அதனால் வந்தாள்.

கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அப்பாவின் அறைக் கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர் நின்றது. பூச்சுகூட இல்லை.

"என்ன கண்றாவி இது?"

"அடைச்சுட்டேன்."

"யாரை வெச்சு?"

"நானேதான்." அக்கா விரல்களை நீட்டினாள். நுனிகளைச் சிமெண்ட் தின்றிருந்தது.

"படிப்புதான் ஏறல. கொத்து வேலையாவது வருதே, சந்தோஷம்."

வெளியே மழை வலுத்தது. கூடம் இருண்டுகொண்டே வந்தது. ஈரச் செங்கல் வாசனை. அதற்கு அடியில் பினாயில். அதற்கும் அடியில், இனிப்பாக, பழைய சளியின் வீச்சம்.

"மெதுவா பேசு," என்று அக்கா கிசுகிசுத்தாள். "முழிச்சுக்குவார்."

சின்னவள் சுவரில் காதை வைத்தாள். "எங்க? ஒரு சத்தத்தையும் காணோமே? செத்தவருக்கு என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"

"நீ வாயை மூடினாத்தானே கேக்கும்."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருத்துவ மாணவர்களிடம் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"கேட்டுக்கோ. அவருக்கு வந்தது வெறும் கிருமி. நுரையீரலுக்குள்ள வரும். காவலுக்கு இருக்கிற செல்லு அதை முழுங்கிடும். முழுங்கினா ஜீரணிக்கணுமில்ல? முடியாது. கிருமி அந்தச் செல்லோட வயித்துக்குள்ளேயே குடித்தனம் பண்ணும். அப்புறம் மத்த செல்லெல்லாம் ஓடி வந்து சுத்தி நின்னு சுவர் மாதிரி கட்டிடும். உள்ள அது சாகாது. ஆனா வெளிய வர முடியாம வருஷக்கணக்கா தூங்கும். இவ்வளவுதான் விஷயம். இதுல பேய் எங்க வந்துச்சு?"

அக்கா கவனமாகக் கேட்டாள். "அந்தச் சுவர் எப்ப இடியும்?"

"உடம்பு தளர்ந்தா."

"நான் இன்னும் தளரலடி," என்றாள் அக்கா.

சின்னவளுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு அக்கா என்றைக்கு என்ன பேசியிருக்கிறாள்?

மறுநாள் காலையில் கொத்தனாரை அழைத்து வந்துவிட்டாள். அக்கா தடுக்கவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள்.

நாலைந்து கல் பெயர்ந்ததும் கொத்தனார் சுத்தியலை இறக்கினார்.

"டாக்டரம்மா, இந்தப் பக்கம் கல்லு காஞ்சு கிடக்கு. உள்பக்கம் பாருங்க, ஈரம். தொட்டா சூடா வேற இருக்கு. கண்ணாடியில வாய் வெச்சு ஊதினா இருக்குமே, அப்படி."

"கூலி பேசியாச்சு. கதை வேண்டாம், இடிங்க."

சுவர் சரிந்தது.

உள்ளே கட்டில். சுருட்டிய மெத்தை. அவர் துப்புகிற பீங்கான் கிண்ணம். வேறொன்றுமில்லை.

"பாத்தியா உங்கப்பாவை?" என்று சின்னவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தாள்.

அறைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து முகத்தில் பட்டது.

கொத்தனார் எப்போதோ வாசல்வரை பின்வாங்கியிருந்தார். அக்கா முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்தியிருந்தாள். காற்று நின்ற பிறகுதான் கையை எடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எனக்கு இங்க என்ன வேலை? அவர்தான் இங்க இல்லையே."

அதைச் சொல்லும்போது அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தாள்.

ஊர் திரும்பிய சின்னவளுக்கு மார்பில் ஒரு கனம். வலியில்லை, காய்ச்சலில்லை. யாரோ உள்ளே ஒருக்களித்துப் படுத்திருப்பது போல. அதை நினைத்ததற்கே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இது அக்காவின் புத்தி. சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். கிருமி இல்லை. இன்னொரு முறை கொடுத்தாள். இல்லை.

பிறகு நோயாளிகளிடம் சிடுசிடுப்பது அதிகமாயிற்று. ஒரு கிழவர் மாத்திரை கசக்கிறது என்றபோது, "துப்பித் தொலைங்க, எனக்கென்ன?" என்று கத்தினாள். குரல் கரகரத்து, தடித்து வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே எக்ஸ்ரே அறைக்குப் போனாள். குளிர்ந்த தகட்டில் மார்பைப் பதித்து நின்றாள். படம் எடுப்பவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். கதவு மூடியது. அறையில் அவள் மட்டும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மேடம், நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தாள்.

"விடாதீங்க."

விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தகட்டில் பதிந்திருந்த மார்பு தானாக மெல்ல விம்மி, மெல்லத் தாழ்ந்தது.

"மேடம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "பிடிங்கன்னு சொன்னேனே. மைக்குல இழுப்புச் சத்தம் கேக்குது."

அவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.